விடுவதற்கு ஒரு வேலை

வேலையை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எனக்கு மோசமான நாட்களில் வந்ததில்லை. வாடிக்கையாளர் எல்லோர் முன்னாலும் குரலை உயர்த்திய நாளில் கோபம் வரும். விடிய விடிய உட்கார்ந்து சரிசெய்ததை வேறொருவர் தன் பெயரில் அனுப்பிய நாளில் வயிறு எரியும். அப்போதெல்லாம் பதில் சொல்வதிலேயே பொழுது போய்விடும்; விடுவதைப் பற்றி நினைக்க எங்கே நேரம்? இந்த எண்ணம் வருவது நல்ல நாட்களில்தான். அப்ரைசல் முடிந்து சம்பளம் கொஞ்சம் கூடியிருக்கும். பெண்ணின் பள்ளிக் கட்டணம் கட்டியாகியிருக்கும். மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடித்து மறைத்த ராஜீவ் காந்தி சாலையில், சோழிங்கநல்லூர் சிக்னலில் கம்பெனி வண்டி நிற்கும். ஏசி காற்று முகத்தில் பட, ஒரு குறையும் இல்லாத அந்த நிமிடத்தில்தான் 'இதை இன்னும் எத்தனை காலம்?' என்று தோன்றும். பதில் வேண்டும் என்ற அவசரம் அந்தக் கேள்விக்கு இல்லை. பச்சை விழுந்ததும் போய்விடும். எங்கும் போகவில்லை என்பது இரவில் தெரியும். சம்பளம் போதாதவரும் அவமதிக்கப்படுகிறவரும் உடம்பு தேய்கிறவரும் வேலையை விட நினைப்பதில் ஒரு புதிரும் இல்லை. அவர்கள் கேட்பது நியாயத்தை. ஓரளவு எல்லாம் கிடைத்த பிறகு நான் கேட்பது எதை? எங்கள் ஊரில் இதைக் கொழுப்பு என்பார்கள். அவர்கள் சொல்வது தப்பு என்று நிரூபிக்க என்னிடம் இன்றுவரை ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் கொழுப்பு என்று சொல்லிவிட்டதாலும் அது கரைந்துபோவதில்லை.

நான் பார்ப்பது கம்ப்யூட்டர் வேலை, ஆனால் சினிமாவில் காட்டுகிற மாதிரி அல்ல. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் பழைய பாலிசிகள் ஒரு மெயின்ஃப்ரேமில் கிடக்கின்றன. அவற்றைப் பராமரிக்கும் நிரல்கள் கோபோலில் எழுதப்பட்டவை. 1959இல் வகுக்கத் தொடங்கிய அந்த மொழி என்னைவிட மூத்தது. அங்கே அலுவலகம் மூடி, இங்கே விடியப்போகும் நேரத்தில் பேட்ச் ஓடத் தொடங்கும். அன்று கட்டிய பிரீமியம், முதிர்ந்த பாலிசி, இறந்தவரின் வாரிசுக்குப் போகவேண்டிய தொகை என்று ஒன்றன்பின் ஒன்றாக ஜாப்கள். நடுவில் ஒன்று அபெண்ட் ஆகி நின்றால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் காத்திருக்கும். எண் இருக்கவேண்டிய கட்டத்தில் வெற்றிடம் வந்து உட்கார்ந்திருக்கும். இந்தப் பிழையைச் சாக் செவன் என்போம். அதைத் தேடிப் போகும்போது நிரலின் தலைப்பகுதியில், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற பட்டியல் கண்ணில் படும். வெறும் முதலெழுத்துகள், ஒரு தேதி, அரை வரிக் காரணம். எண்பதுகளில் யாரோ ஒருவர் ஒரு வரிவிகிதத்தைத் திருத்தியிருப்பார். ஆணா பெண்ணா, இருக்கிறாரா இல்லையா, எதுவும் தெரியாது. ஆனால் அவர் எழுதிய பத்தியைப் படிக்கும்போது நிதானமான மனிதர் என்று தெரியும். பின்னால் வருகிறவன் குழம்பக்கூடாது என்று ஒரு வரி கூடுதலாக எழுதிவைத்திருப்பார். அந்த வரிக்குக் கீழே என் முதலெழுத்துகளைச் சேர்த்து, ஜாபை மறுபடி ஓடவிட்டு, பிழை இல்லை என்று திரையில் பூஜ்யம் வந்து விழுவதைப் பார்க்கும்போது எனக்கு ஒரு திருப்தி வரத்தான் செய்கிறது. இதை மறைத்துவிட்டு என் வேலை வெறும் அடிமைத்தனம் என்று எழுதினால் கட்டுரைக்கு வசதியாக இருக்கும், உண்மையாக இருக்காது. திருப்தி இருக்கிறது. காலை இட்லி சாப்பிடும்வரை கூட இருக்கிறது. அதற்கப்புறம் அது எங்கே போகிறது என்பதுதான் பிடிபடவில்லை.

இப்படிப் புலம்புகிறவனுக்கு ஊரெல்லாம் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: உனக்குப் பிடித்ததைக் கண்டுபிடி, அதைச் செய். சொல்கிறவர்கள் எல்லோரும் ஒன்றை உண்மையென்று வைத்துக்கொண்டே பேசுகிறார்கள். ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் அவனுக்கென்று ஒரு தொழில் ஒளிந்திருக்கிறது, சம்பள வேலை அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது, இதை இறக்கிவைத்தால் அது எழுந்து நிற்கும் என்று. நான் தேடிப் பார்த்தேன். புகைப்படம் எடுத்தேன், நண்பர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள், அவ்வளவுதான். கொஞ்ச காலம் கீபோர்டு கற்றுக்கொண்டேன். புத்தகம் படிப்பேன், ஆனால் படிப்பவனாக இருப்பதில் எனக்கிருக்கும் நிம்மதி, எழுதுகிறவனாக ஆகவேண்டும் என்று என்னைத் தூண்டியதே இல்லை. இதோ இந்தக் கட்டுரைகூட அரிப்பில் எழுதுவது, தாகத்தில் அல்ல. உள்ளே ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை என்று தெரிந்த பிறகும் வெளியேற வேண்டும் என்ற எண்ணம் மட்டும் குறையவில்லை. இதைப் பற்றித்தான் யாரும் எழுதக் காணோம். போய்ச் சேர ஓர் இடம் இருக்கிறவர்களின் கதைகள் எங்கும் கிடைக்கின்றன. லட்ச ரூபாய்ச் சம்பளத்தை உதறிவிட்டு மாப்பிள்ளைச் சம்பா பயிரிடும் இளைஞர், வங்கி வேலையை விட்டு மரச்செக்கு வைத்த தம்பதி. வார இதழ்கள் இந்த மாதிரிப் படங்களை விரும்பிப் போடுகின்றன. தலையில் துண்டு, கையில் கதிர், முகத்தில் வெயில். படத்துக்கு வெளியே நிற்பவற்றையே நான் தேடிக்கொண்டிருப்பேன்: கடன் முடிந்த அடுக்குமாடி வீடு, மாதச் சம்பளம் வாங்கும் மனைவி, தாத்தா காலத்திலிருந்து பத்திரம் பிசகாத நஞ்சை. பொறாமையில் சொல்கிறேனோ என்ற சந்தேகம் எனக்கே உண்டு. அந்த முகங்களில் தெரியும் மகிழ்ச்சி பொய் என்று நான் நினைக்கவில்லை. அதன் விலையை அச்சிடாமல் விட்டுவிடுகிறார்களே என்பதுதான்.

எங்கள் குழுவில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் இருக்கிறார். மதியச் சாப்பாட்டின்போது யாரோ இயற்கை விவசாயத்துக்குத் திரும்புவது பற்றி உருகிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "திரும்பிப் போறதுன்னா எங்களுக்கு எங்க போறதுங்க? எங்க தாத்தா பண்ணையாளு. அந்த வயல்லேர்ந்து ஏறி வர்றதுக்கே மூணு தலைமுறை ஆச்சு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டோம். ஆனால் அன்றிலிருந்து மனநிறைவைத் தேடி வேலை மாறுகிறவர்களின் கதைகளை என்னால் பழையபடி படிக்க முடியவில்லை. மண்ணை மிதித்தால் மனம் நிறையும் என்பது, மண் யாருடைய பெயரில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்த நாட்டில் மனிதன் தன் தொழிலைத் தானே தேர்ந்தெடுக்கலாம் என்ற எண்ணத்துக்கே வயது அதிகமில்லை. 1953இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை ஒரு பிள்ளைக்கு 3 மணி நேரமாகக் குறைத்து, மீதி நேரத்தில் அவரவர் வீட்டுத் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்றது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று சொல்லி எதிர்த்தார்கள். ராஜாஜி பதவி விலக, 1954இல் காமராஜர் வந்ததும் அது கைவிடப்பட்டது. என் அப்பா பள்ளிக்கூடம் போகத் தொடங்கியது ஏறக்குறைய அந்தக் காலம்தான், காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு நெசவு ஊரில். திட்டம் போய்விட்டது. அப்பா எட்டாவதோடு தறிக்குழியில் இறங்கினார். அரசு உத்தரவால் நடக்காமல் போனதை வீட்டுக் கஷ்டம் சத்தமில்லாமல் நடத்திவைத்தது.

அப்பாவுக்குத் தறி பிடித்திருந்ததா என்பது எனக்கு வெகுநாள் கேள்வி. வீட்டுக் கூடத்தில் பாதியைத் தறி அடைத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குழிக்குள் நீர் ஊறும். பட்டு ஈரம் குடித்துவிடும், வேலை நிற்கும், சம்பாத்தியமும் நிற்கும். அந்த மாதங்களில் வாங்குகிற முன்பணம்தான் அடுத்த வருடம் முழுவதும் நம்மை வேறு எங்கும் போகவிடாமல் பிடித்துவைப்பது. வெயில் காலத்தில் விடிகாலையில் தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். பள்ளிக்குப் போகிறவர்கள் அதன் ஓரமாக, இழையில் கை படாமல் நடந்து போகவேண்டும். அந்தப் புளித்த கஞ்சி வாடை இன்றைக்கும் எனக்குப் பசியைத் தருகிறது, ஏன் என்று தெரியவில்லை. ஒரு பாவில் மூன்று சேலை. மூன்றாவது முடிந்ததும் புதிய பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய பாவின் நுனியோடு முறுக்கி இணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். இணைத்து முடித்தால் மறுபடி முதல் சேலை. அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன், ஓய்ந்து உட்கார்ந்த பிறகு. "இந்த வேலை உங்களுக்குப் புடிச்சிருந்துதாப்பா?" கேள்வி புரியாதவர் மாதிரி என்னைப் பார்த்தார். "புடிச்சுதா புடிக்கலையான்னு யாருடா கேட்டா? பாவு தீர்ந்தா அடுத்த பாவு" என்றார். அதோடு விட்டிருந்தால் ஒரு கணக்கு தீர்ந்திருக்கும்: உழைத்தவருக்கு நிறைவைப் பற்றிய நினைப்பே இல்லை, எனக்குத்தான் நோய் என்று. ஆனால் கல்யாண வீடுகளில் அவரைக் கவனித்திருக்கிறேன். சொந்தக்காரப் பெண் யாராவது பட்டுக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், பேசிக்கொண்டே முந்தானை ஓரத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார். உடலும் கரையும் சேர்கிற கோர்வையில் கட்டைவிரலை ஓட்டுவார். சரியாக விழுந்திருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். சரியில்லை என்றால் முகம் லேசாகச் சுளிக்கும், தன் பல்லில் கல் கடிபட்ட மாதிரி. பிடித்ததா என்று யாரும் கேட்காத ஒரு வேலை அந்த விரலுக்குள் எப்படிப் போய் உட்கார்ந்தது?

இங்கே ஒரு தந்திரம் என்னை இழுக்கிறது. அப்பாவின் கையில் ஒரு பொருள் இருந்தது, அதை அவர் கண்ணால் பார்த்தார், என் கையிலோ வெறும் எண்கள், அதனால்தான் இந்த வெறுமை என்று சொல்லிவிடலாம். கைத்தொழில் உயர்வு, கணினி வறட்சி. பலர் சொல்லியும் விட்டார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அப்பா நெய்த சேலையை யார் கட்டினார்கள் என்று அவருக்குத் தெரியாது. சேலை மடித்து முதலாளி வீட்டுக்குப் போகும், கூலி வரும், பிடித்தம் போக மீதி வரும். ஏதோ ஒரு மாநிலத்தில் ஏதோ ஒரு மணப்பெண். காப்பீட்டுத் தொகையை வாங்குகிற விதவையை நான் பார்க்காதது எப்படியோ, அவர் அந்த மணப்பெண்ணைப் பார்க்காததும் அப்படித்தான். முழங்கால் போனது, கண் மங்கியது. ஐம்பது வயதுகளிலேயே ஜரிகை இழையைத் தடவித்தான் கண்டுபிடித்தார். நான் பத்தாவது முடித்த கோடையில் தறியைப் பிரித்துக் குழியை மணல் கொட்டி மூடி, மேலே சிமெண்ட் பூசிவிட்டார். யாரிடமும் கலந்து பேசவில்லை. பிள்ளை இதில் இறங்கக்கூடாது என்பது அவர் வாழ்க்கையில் தானாக எடுத்த ஒரே தொழில் முடிவு என்று இப்போது தோன்றுகிறது. அந்த முடிவின் பலனைத்தான் நான் சோழிங்கநல்லூர் சிக்னலில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் அதிருப்தி என்னுடையது மட்டுமல்ல. அது இன்னொருவர் கட்டிய கட்டடத்தின் மொட்டைமாடியில் நின்று எழுப்புவது. அப்படியானால் நான் வேலையை விடுவது யாருடைய வேலையை விடுவது?

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் தறியைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. கோர்வைச் சேலைக்கு மறுபக்கம் கரைக்கு நாடா போட ஓர் ஆள் வேண்டும். அது அக்கா. ராட்டையில் தார் சுற்றுவது அக்கா. பாவு இணைக்கும்போது அம்மாவும் அக்காவும். நெசவாளர் சொசைட்டிப் பாஸ்புக்கில் அப்பாவின் பெயர் மட்டும். எனக்காகக் குழி மூடப்பட்டபோது அவளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. வாழ்க்கைப்பட்ட வீட்டிலும் தறி இருந்தது. அவளிடம் யாரும் எந்த முடிவையும் கேட்டதில்லை, முடிவின் பலனையும் கொடுத்ததில்லை. இந்த இடத்தில் எழுத்து எனக்குச் சற்றுத் தடுமாறுகிறது. என் அலுவலகத்தில் குழந்தை பிறந்த பிறகு வேலையை விட்ட பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய பிரிவு விருந்தில் கேக் வெட்டினோம். 'குடும்பத்துக்காக' என்று யாரோ சொன்னார்கள், எல்லோரும் தலையாட்டினோம். மனநிறைவைத் தேடி விட்டார் என்று அவர்களில் ஒருவரைப் பற்றியும் நாங்கள் பேசியதில்லை; விடவே மனமில்லாமல் விட்டவர்களும் அதில் உண்டு. ஆண் விட்டால் தேடல், பெண் விட்டால் கடமை. என் மனைவி வேலைக்குப் போகிறாள். உன் வேலை உனக்கு நிறைவாக இருக்கிறதா என்று நான் அவளைக் கேட்டபோது, மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிற அவசரத்தில் இருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "நீ விடறதுக்கு நான் இருக்கணும்ல" என்றாள். கேலியா கோபமா என்று இன்னும் தெரியவில்லை.

விட்டவர்களைப் பற்றிப் படிப்பதில் எனக்கு ஒரு பசி இருக்கிறது. அசோகமித்திரன் 1952இல் சென்னைக்கு வந்து ஜெமினி ஸ்டூடியோவில் சேர்ந்து, 1966 வரை அங்கே இருந்தார். பத்திரிகைகளிலிருந்து செய்திகளை வெட்டிக் கோப்புகளில் சேர்ப்பது அவர் வேலைகளில் ஒன்று. நாளெல்லாம் காகிதம் கிழிக்கிற அவரைப் பார்த்து, சும்மா இருக்கிறார் என்று நினைத்தவர்கள் அங்கே உண்டு என்பதை அவரே பின்னாளில் அந்த நாட்களைப் பற்றி எழுதியதில் சொல்லியிருக்கிறார். வெளியே வந்த பிறகு முழுநேர எழுத்து. நிரந்தர வருமானமில்லாத வாழ்க்கை. அந்தக் கஷ்டத்தை அவர் வீரமாகச் சொல்லிக்கொண்டதில்லை, அவர் கதைகளைப் படித்தவர்களுக்கு அது தெரியும். எனக்கு அதில் பிடிபடுவது வேறு. அவர் ஜெமினியில் இருந்தபோதே எழுதிக்கொண்டிருந்தார். விடுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். விடாதவர்களும் அப்படித்தான். சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் தகப்பனாரின் ஜவுளிக் கடையைப் பார்த்துக்கொண்டே எழுதினார். ந. பிச்சமூர்த்தி வக்கீலாக இருந்தார், பிறகு கோவில் நிர்வாக அதிகாரி. கோவில் கணக்குகளுக்கு நடுவேதான் வாழ்க்கை போயிற்று. ஒருவர் விட்டார், இருவர் விடவில்லை. மூவருக்கும் நிறைவு கிடைத்ததா என்று கேட்டால் சொல்ல முடியாது. மூவரிடமும் செய்தே தீரவேண்டிய ஒரு காரியம் இருந்தது என்று மட்டும் சொல்லலாம். சம்பள வேலை அதற்கு இடைஞ்சலா துணையா என்பது அவரவர் ஏற்பாடு. இயற்கை வேளாண்மையாளர் நம்மாழ்வார் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தை விட்டது அறுபதுகளின் கடைசியில். மானாவாரி நிலத்தில் விலை உயர்ந்த இடுபொருட்களைக் கொட்டிச் செய்கிற ஆராய்ச்சி அந்தக் கரிசல் விவசாயிக்கு உதவாது என்று அவருக்குப் பட்டது. தன் மனம் நிறையவில்லை என்று அவர் போகவில்லை. எதிரே இருந்த மண்ணின் கணக்கு சரிவரவில்லை என்று போனார். இந்த வித்தியாசம் என்னை வெட்கப்பட வைக்கிறது. என் காப்பீட்டு நிறுவனத்தின் மீது எனக்கு அப்படியொரு வழக்கு இல்லை. அவர்கள் கொடுக்கவேண்டியதை ஒழுங்காகக் கொடுக்கிறார்கள், நானே ஓடவிட்டுப் பார்க்கிறேன்.

விட்டவர்கள் என்ற கணக்கில் எங்கள் தெருக்காரர் ஒருவரையும் சேர்க்கவேண்டும், அவரைப் பற்றி எந்த இதழும் எழுதாது. தொலைபேசித் துறையில் கேபிள் வேலை பார்த்தவர். 2019 கடைசியில் பிஎஸ்என்எல் 50 வயது கடந்தவர்களுக்கு விருப்ப ஓய்வு அறிவித்தது. சம்பளமே மாதக்கணக்கில் தள்ளிப்போய்க்கொண்டிருந்த காலம். 78,000க்கும் அதிகமான பேர் எழுதிக் கொடுத்துவிட்டு 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் வெளியே வந்தார்கள். இனி நிம்மதியாக இருப்போம், குலதெய்வம் கோவில், பேரப் பிள்ளைகள், கொஞ்சம் தோட்டம் என்றெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கிடைத்த விடுதலையின் முதல் மாதங்களை அவர் வாசல் கேட்டுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து கழித்தார். இன்றைக்கும் தெருவில் யாராவது பள்ளம் தோண்டினால் எழுந்து போய்விடுவார். எந்த இடத்தில் எத்தனை ஜோடிக் கம்பி, எந்த ஜாயிண்ட்டை எந்த மழையில் போட்டது, கம்பம் எங்கே இருந்தது, எல்லாம் நினைவிருக்கிறது. தோண்டுகிற பையன்கள் ஃபைபர் போடுகிறவர்கள். அவர்களுக்கு இந்தச் செப்புக் கம்பிகளின் கதை வேண்டாம். ஒருநாள் என்னிடம் சொன்னார், "வேலை போயிடுச்சு சார், ரூட்டு போகல." நிறைவு என்று நான் தேடுவது இதுதானா என்று ஒரு கணம் திகைத்தேன். யாருக்கும் பயன்படாத ஓர் ஊரின் வரைபடம் ஒருவர் தலைக்குள் அழியாமல் இருப்பது. அது செல்வமா சுமையா என்று அவரைப் பார்த்தால் சொல்ல முடியவில்லை. பள்ளம் மூடும்வரை நிற்கிறார், அவ்வளவுதான். நான் வெளியே வந்தால் எனக்கு என்ன மிஞ்சும்? சாக் செவனை எங்கே தேடவேண்டும் என்ற அறிவு. அதைச் சொல்லக்கூட எதிரில் தோண்டுகிற ஆள் இருக்கமாட்டார்.

சில நாள் எனக்கு எதிர்ப்பக்கம் நியாயமாகத் தோன்றும். சம்பளம் கொடுக்கிற இடத்திடம் வாழ்க்கையின் பொருளையும் சேர்த்துக் கேட்பது பேராசை. எட்டு மணி நேரத்தை விற்கிறோம், காசு வாங்குகிறோம், பேரம் அங்கே முடிந்தது. மீதி நேரம் நம்முடையது, அதில் நிறைவைத் தேடு என்றால் சரிதானே? சரிதான், எட்டு மணி நேரம் எட்டாகவே இருந்திருந்தால். விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை ஓர் இடத்தில் வைத்துவிட்டு, அங்கே நான் இல்லை, நான் வேறெங்கோ இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு திருட்டுத்தனம் இருக்கிறது. அப்பாவின் விரல் அந்தப் பேரத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கூலிக்குத்தான் நெய்தார், ஆனால் கூலி வாங்கிய பிறகும் கோர்வையைத் தடவினார். இன்னொரு நாள் இதுவும் சரியில்லை என்று படும்: தடவிய விரலை மட்டும் நான் நினைவில் வைத்திருக்கிறேன், முன்பணத்துக்காக முதலாளி வீட்டுத் திண்ணையில் காத்திருந்த முதுகை ஏன் சொல்லாமல் விடுகிறேன்? நிறைவு என்பது பிள்ளைகள் தங்கள் வசதிக்காகப் பெற்றோரின் உழைப்பின்மேல் பின்னால் பூசுகிற ஜரிகையாகவும் இருக்கலாம். இதற்கிடையே வேறொரு வேடிக்கையும் நடக்கிறது. பழைய கோபோல் நிரல்களைப் படித்து விளக்கிப் புதிய மொழிக்கு மாற்றித் தரும் ஏஐ கருவிகள் வந்துவிட்டன. குழுக்கூட்டத்தில் அதைக் காட்டினார்கள், நன்றாகத்தான் வேலை செய்கிறது. எண்பதுகளின் அந்த நிதானமான மனிதர் எழுதிய கூடுதல் வரியைக்கூட அது புரிந்துகொண்டது. நான் வேலையை விடலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் வேலை என்னை விட்டுவிடக்கூடும். அப்போது இந்தக் கட்டுரையின் கேள்வி எல்லாம் ஒரே நாளில் பழசாகிவிடும், எனக்கு நியாயம் கேட்கிற தகுதி வந்துவிடும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நினைப்பில் ஒரு சின்ன ஆறுதல் இருக்கிறது. முடிவெடுக்கும் பாரம் இறங்கிவிடும் என்ற ஆறுதல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கிராஜுவிட்டி எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடைசி அடிப்படைச் சம்பளம், பெருக்கல் 15, வகுத்தல் 26, பெருக்கல் ஆண்டுகள். மாதத்தில் வேலை நாள் 26 என்று வைத்துக்கொண்டு ஆண்டுக்குப் பதினைந்து நாள் கூலி என்பது கணக்கு. 1972ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. தொகை கௌரவமாகத்தான் இருந்தது, ஆனால் வீட்டுக் கடனைத் தொடவில்லை. அப்பாவுக்கு இப்படி ஒரு சூத்திரம் இருந்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது. தறியிலிருந்து எழுந்த அன்று அவர் கையில் இருந்தது பழைய பாக்கி மட்டும். அக்கா போன் செய்தாள், அவள் ஞாயிறுதோறும் செய்வாள். பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன், வேலையை விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது என்று. அவள் பதறவில்லை. பின்னால் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்திவிட்டு வந்தாள்.

"ஏன்டா, திட்டறாங்களா?"

"இல்லக்கா."

"சம்பளம் ஒழுங்காத் தர்றாங்களா?"

"தர்றாங்க."

"அப்புறம்?"

சொல்லிப் பார்த்தேன். சிக்னலில் வருகிற கேள்வி, இட்லி சாப்பிடும்வரை நிற்கிற திருப்தி, உள்ளே தேடினால் ஒன்றும் இல்லாதது. பாதியிலேயே எனக்கே அது சரியாக வரவில்லை என்று தெரிந்தது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். "எனக்கும் சில நாள் அப்படி இருக்கும்டா, தார் சுத்திக்கிட்டே இருக்கும்போது. என்னமோ மாதிரி. இதுக்கெல்லாம் பேரு இருக்கும்னு நெனக்கல" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. அவளே தொடர்ந்தாள்.

"விட்டுட்டு என்ன பண்ணப்போற?"

"தெரியலக்கா."

"வீட்டுக் கடன் முடிய இன்னும் எத்தன வருஷம்?"

"ஆறு."

"அப்ப யோசிக்க ஆறு வருஷம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, பெண்ணுக்குப் பதினோராம் வகுப்பில் என்ன குரூப் எடுக்கப்போகிறோம் என்று விசாரிக்கத் தொடங்கினாள்.